கதைக்குச் சைபர்

அமிர்தநாதன் கை கழுவிக்கொண்டிருக்கிறார். மணிக்கட்டு வரை சோப்பு நுரை. நகக்கண்ணில் ஒளிந்திருக்கும் கிரீஸ் முழுவதும் வெளியே வர வேண்டும். பிறகு துண்டில் துடைக்க மாட்டார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் காற்றில் உலரவிடுவார். அதுவரை துப்பாக்கிக்காரர், டாக்டரிடம் பிள்ளையைக் காட்ட வந்தவரைப் போலத் துப்பாக்கியை ஏந்திக்கொண்டு எதிரில் நிற்க வேண்டியதுதான். வியர்வையில் உப்பு இருக்கிறதாம், உப்புப் பட்டால் இரும்பு கெட்டுவிடுமாம். அறுபது வருடம் பரணில் எலிப்புழுக்கையோடு கிடந்த சாமானுக்கு இவ்வளவு மரியாதை.

விலை சொல்லி முடித்ததும் மறுபடியும் கழுவுவார். அந்த இரண்டாவது கழுவலுக்குப் பிறகு, அந்தத் துப்பாக்கியைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது.

"சொன்னேன், கழுவிட்டேன். இனி நீங்களாச்சு, ஒங்க தோக்காச்சு."

துப்பாக்கியை எங்கள் உடும்பஞ்சோலைப் பக்கம் மலையாளத்துக்காரர்களைப் பார்த்துத் தோக்கு என்றுதான் சொல்கிறோம். ஏலத்தோட்டத்து வீடுகளில் பழைய தோக்குக்குப் பஞ்சமில்லை. பன்றிக்குப் பயந்து வாங்கியவை, வெள்ளைக்காரத் துரை கப்பலேறும்போது கொடுத்துவிட்டுப் போனவை, எப்படி வந்தது என்று கேட்டால் வீட்டுக்காரர் உடனே காப்பி குடிக்கிறீர்களா என்று விசாரிக்கும் வகையைச் சேர்ந்தவை. இவற்றில் எதை விற்பது என்றாலும், சேகரிப்பவர்கள் யார் தேடி வந்தாலும், முதலில் அமிர்தநாதன் பார்க்க வேண்டும். அவர் சொல்வதுதான் விலை.

மனிதருக்கு அறுபத்தொரு வயது. ஏலப்பாறையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். அங்கிருந்த இங்கிலீஷ் இயந்திரங்களோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியதில், எந்த இரும்பு எந்த ஊர், எந்த முத்திரை எந்த வருடம் என்பதெல்லாம் அத்துப்படி. மேனேஜர் பங்களாவில் கரையானுக்கு ஒதுக்கப்பட்ட பழைய துப்பாக்கி விலைப்பட்டியல்களைக் கேட்டு வாங்கி வந்து, மற்றவர்கள் ஜெபமாலை சொல்லும் நேரத்தில் அவற்றைப் படித்திருக்கிறார். இப்போது உடும்பஞ்சோலையில் ஒர்க்‌ஷாப் வைத்து மருந்தடிக்கும் மோட்டார்களை ரிப்பேர் செய்கிறார். துப்பாக்கி ரிப்பேர் செய்ய லைசன்ஸ் வேண்டும் என்பதால் அதில் ஒரு திருகாணியைக்கூடத் தொட மாட்டார். லைசன்ஸ்காரர் எதிரில் இல்லாவிட்டால் துப்பாக்கியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

இவ்வளவு பெரிய நிபுணர் வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. சத்தம் என்றால் பயம். செபஸ்தியார் திருநாளில் வெடி போடும்போது இவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கோயிலுக்குள் சாமியார் உடை மாற்றும் அறையில் ஒளிந்துகொள்வதை, அவருடைய மனைவி ரோசி வருடம் தவறாமல் ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

பார்க்கும் முறை எளிமையானது. உள்ளே தோட்டா இல்லை என்று முதலில் காட்ட வேண்டும். அடுத்து, குழலுக்கு அடியில் இருக்கும் மரத்துண்டைத் துப்பாக்கிக்காரரையே கழற்றிக் காட்டச் சொல்லி அங்குள்ள முத்திரைகளைப் படிப்பார். பிறகு குழலை ஆகாயத்தை நோக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொள்வார். அப்படியே நிற்பார், உள்ளே யாரோ குடியிருப்பதைப் போல. அடுத்தது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குக்கோயிலில் கொடுக்கும் அறிவிப்புத் தாள். அதில் ஒரு துண்டைக் கிழித்துக் குழலின் அடிவாயில் வைத்துத் துப்பாக்கியை மூடுவார். இழுத்ததும் தாள் வந்துவிட்டால் பூட்டு தளர்ந்துவிட்டது, வராமல் கிழிந்தால் பூட்டு நல்லது. ஆயரின் சுற்றறிக்கை எங்கள் மலையில் உருப்படியாகப் பயன்படும் இடம் இது ஒன்றுதான்.

பிறகு தீர்ப்பு. இரும்புக்கு இவ்வளவு, மரத்துக்கு இவ்வளவு, காயிதத்துக்கு இவ்வளவு. காயிதம் என்றால் லைசன்ஸ், பழைய ரசீது, கைமாறிய விவரம். அத்தோடு நிறுத்தாமல் கடைசியில் ஒன்று சொல்வார்.

"கதைக்குச் சைபர்."

இந்த நான்காவது வரிதான் பல குடும்பங்களின் நெஞ்சில் பாய்ந்த குண்டு. எங்கள் மலையில் இருக்கும் ஒவ்வொரு பழைய துப்பாக்கியும் குறைந்தது ஒரு புலியைச் சுட்டிருக்கிறது. எல்லாம் ஆட்கொல்லிப் புலிகள், எல்லாம் நெற்றிப் பொட்டில் ஒரே குண்டு. கூட்டிப் பார்த்தால், அந்தக் காலத்துப் புலிகள் வேறு வேலையில்லாமல் வரிசையில் நின்று குண்டு வாங்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். என் பெரியப்பா ஒற்றைக் கொம்பனை விரட்டிய துப்பாக்கியைப் போன வருடம் நானே கொண்டுபோய்க் காட்டினேன். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுப்பவன்; கதையை நன்றாகவே சொன்னேன். யானை பிளிறும் இடத்தில் எனக்கே புல்லரித்தது. அமிர்தநாதன் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு நாலாயிரத்து ஐநூறு என்றார். கட்டை நல்ல ஈட்டிமரம், கதவுக்குக் கைப்பிடி செய்தால் நிற்கும் என்று ஆறுதலும் சொன்னார். ஒரு வாரம் விடாமல் போய் வாதாடிப் பார்த்தேன். போட்ட விலை போட்டதுதான். அவர் சொன்ன விலையை மாற்றியதாகச் சரித்திரமே கிடையாது.

விற்பதற்கு முன்னால் துப்பாக்கிக்கு அலங்காரம் செய்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஏலத்தோட்ட முதலாளி ஒருவர், பழசாகத் தெரிகிறதே என்று, போடிக்குக் கொண்டுபோய்க் குழல் முழுக்க வெள்ளி முலாம் பூசிக்கொண்டு வந்தார். கல்யாண மண்டபத்து வாசல் கைப்பிடி போலப் பளபளத்தது. முலாம் பூசுவதற்கு முன்னால் எழுபதாயிரம், இப்போது பன்னிரண்டு என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

பக்திக்கும் கழிவு உண்டு. குழலைப் பார்த்தே அது எந்த மதத்து வீடு என்று சொல்லிவிடுவார். இந்து வீட்டில் ஆயுத பூசைக்குத் தண்ணீரில் குழைத்த சந்தனம் வைத்து வைத்து, இரும்பு அம்மை போட்ட முகம் மாதிரி வட்ட வட்டமாகக் குழிந்திருக்கும். நம் ஆட்கள் வீட்டில், என்கிறார் அவர், தீர்த்தம் தெளித்துத் தெளித்துத் துரு புள்ளிபுள்ளியாகச் சிதறிக் கிடக்கும். இரண்டுக்கும் ஒரே கழிவு, ஐயாயிரம். மத நல்லிணக்கத்தை நான் இவ்வளவு சுத்தமாக வேறெங்கும் கண்டதில்லை.

இப்படி ஒருவர் பத்துப் பதினைந்து வருடம் தப்பே செய்யாமல் வாழ்ந்தால் ஊருக்கு எரிச்சல் வராதா? எனக்கு வந்தது. என்றாவது ஒருநாள் இந்த மனிதர் சறுக்குவதைப் பார்க்க வேண்டும் என்று, பெரியப்பாவின் ஒற்றைக் கொம்பன் மேல் ஆணையாக, நான் ஆசைப்பட்டேன். இந்த வருடம் மழை விட்ட கையோடு ஆசை நிறைவேறியது. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ராமுத்தாய் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்து கிள்ளியவர். இந்த மார்ச்சில் ஓய்வு. ஓய்வு பெற்றால் லயத்தை, அதாவது தோட்டத்தார் கொடுத்த வரிசை வீட்டை, ஒழித்துக்கொடுக்க வேண்டும். அவர் கணவர் சுருளிவேல் தோட்டத்தில் காவல் பார்க்கும் வாச்சராக இருந்தார்; போன வருடம் இறந்துபோனார். எண்பத்து நாலில் பழைய முதலாளி தோட்டத்தை விற்றுவிட்டுப் போகும்போது, தன் இரட்டைக்குழல் துப்பாக்கியை முறைப்படி லைசன்ஸோடு சுருளிவேல் பெயருக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். சுருளிவேல் போனதும், சட்டப்படி அதை டவுனில் லைசன்ஸ் பெற்ற ஜிதினின் துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்துவிட்டார் ராமுத்தாய். கெடுவுக்குள் லைசன்ஸ் உள்ள யாருக்காவது விற்க வேண்டும்; இல்லையென்றால் சர்க்கார் எடுத்துக்கொள்ளும்.

அடிவாரத்தில் தகரம் வேய்ந்த ஒரு வீட்டோடு மூன்று சென்ட் நிலம் பார்த்து வைத்திருந்தார். விலை நாலு லட்சம். கையில் இருந்தது ஒன்றரை. கிறிஸ்மஸ் வரைக்கும் பொறுப்பதாக நிலத்துக்காரர் சொல்லியிருந்தார். இந்தக் கணக்கில் துப்பாக்கியை அவர் சேர்க்கவே இல்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் சுருளிவேல் ஒருமுறை அமிர்தநாதனை லயத்துக்குக் கூட்டிவந்து காட்டியிருந்தார். அன்று அவர் போட்ட விலை பன்னிரண்டாயிரம்.

வாங்க வந்தவர் ஈஸ்வரமூர்த்தி. கோவிந்தாபுரத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர். பழைய துப்பாக்கி சேகரிப்பவர். சட்டம் ஒருவருக்கு இரண்டுதான் அனுமதிக்கிறது என்பதால் இருக்கும் ஒரே காலியிடத்துக்கு மாப்பிள்ளை பார்ப்பது போல ஊர் ஊராகத் தேடுகிறவர். பொள்ளாச்சி, தேனி, போடிமெட்டு என்று சுற்றி மலையேறி வந்திருந்தார். காகிதங்களைப் படித்துச் சொல்ல ராமுத்தாய் என்னைத் துணைக்கு அழைத்திருந்தார். பெயருக்கு அமிர்தநாதனும் வந்தார். நாங்கள் ஜிதின் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அரைமணி நேரம் முன்னதாகவே வந்துவிட்ட ஈஸ்வரமூர்த்தி துப்பாக்கியைப் பார்த்து முடித்துவிட்டு, அங்கேயே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

முன்பு என்ன விலை போட்டார்கள் என்று அவர் விசாரித்தார். ராமுத்தாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது. அண்ணன் பன்னிரண்டாயிரம் போட்டார் என்று அப்படியே சொல்லிவிட்டார்.

"பெரியவரு சொன்னா சொன்னதுதானுங்க. அவுரு வாக்கை நான் மீறலாமுங்களா? அதே வெலைக்கு எடுத்துக்கறனுங்க. மேல ஒரு மூவாயிரம் வெச்சுத் தர்றேன், அம்மா நல்ல சேலையா எடுத்துக்கட்டுமுங்க."

இவ்வளவு பெருந்தன்மையை அந்த மலை தாங்குமா என்று எனக்குக் கவலையாக இருந்தது. ராமுத்தாய் தலையை ஆட்டிவிட்டார். ஜிதின் ரிஜிஸ்டரை எடுத்துவிட்டார். அமிர்தநாதன் மட்டும் ஈஸ்வரமூர்த்தியின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் நுனியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது.

"கையில என்ன, சந்தனமா?"

"கோயிலுக்குப் போயிட்டு வந்தனுங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி. அவர் நெற்றி துடைத்துவிட்டது போல வெறுமையாக இருந்தது.

அமிர்தநாதன் எழுந்து கடையின் பின்பக்கம் போனார். நான் குவளையில் தண்ணீர் ஊற்ற, சோப்புப் போட்டு மணிக்கட்டு வரை கழுவினார். ஏற்கெனவே விலை போட்ட துப்பாக்கிக்காக அவர் மறுபடி கை கழுவி நான் பார்த்ததில்லை. உலர்ந்ததும் வந்து துப்பாக்கியை எடுத்தார்.

கட்டை ஒரு காலத்தில் பிளந்து, அதைச் செம்புக் கம்பியால் சுற்றியிருந்தது. விசைக்குப் பக்கத்தில் இருந்த தகடு கண்ணுக்கே தெரியவில்லை. சுருளிவேல் ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அந்த ஒரே இடத்தில்தான் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பார். பழையதை அழிக்கக் கூடாது, அதன் மேலேயே புதியது. முப்பத்தொன்பது வருடப் பூசை அங்கே ஒரு விரல்கடை கனத்துக்குக் கல்லாகியிருந்தது. அதன் ஓரத்தில் யாரோ கட்டைவிரலால் புதிதாகத் தேய்த்த தடம் இருந்தது. அந்தத் தடத்தில் ஓர் இலையின் நுனி தெரிந்தது, இரும்பில் செதுக்கியது.

"தங்கச்சி, அன்னைக்கு ஒங்க வீட்டுக்காரரு, சாமிக்கு வச்சது, இதத் தொடக்கூடாதுன்னாரு. நானும் விட்டுட்டேன். இன்னைக்குத் தொடட்டுமா?"

ராமுத்தாய் துப்பாக்கியைப் பார்த்தார். முந்தானையை விரலில் சுற்றினார், பிரித்தார்.

"எடுங்கண்ணே. வச்ச மனுசனே போயிட்டாரு."

ஜிதினிடம் கேட்டு இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் வாங்கி விட்டு ஊறவைத்தார். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, துப்பாக்கியைக் கண்ணாடி மேசைமேல் வைத்து, அதைக் கொண்டு மெல்ல நெம்பினார். சந்தனம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. மஞ்சள், சிவப்பு, மறுபடி மஞ்சள், மறுபடி சிவப்பு என்று அடுக்கடுக்காக. உள்ளே குழி விழுந்திருக்கும் என்று நினைத்தோம். ஒரு புள்ளிகூட இல்லை. சுருளிவேல் சந்தனத்தை நல்லெண்ணெயில் குழைத்துப் பூசியிருக்கிறார். வாச்சருக்குத் தண்ணீரும் இரும்பும் ஆகாது என்று தெரிந்திருக்கிறது. இலைகளுக்கு நடுவில் பறக்கும் இரண்டு வாத்துகளும், அவற்றுக்குக் கீழே லண்டனில் துப்பாக்கி செய்த ஒருவரின் பெயரும் நேற்றுச் செதுக்கியது போல இருந்தன. பெயரைச் சொன்னால் தெரிந்தவர்களுக்கு மயக்கம் வரும். தெரியாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அதனால் விட்டுவிடுகிறேன்.

ஈஸ்வரமூர்த்தி கூரையில் மின்விசிறி எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறகு அமிர்தநாதன் ஜிதினிடம், குழலுக்கு அடியில் இருக்கும் மரத்துண்டைக் கழற்றச் சொன்னார். அங்கேயும் முத்திரைகள் வரிசையாக இருந்தன. அதைப் பார்க்கச் சந்தனத்தைச் சுரண்டியிருக்கவே தேவையில்லை. கேட்டிருந்தால் சுருளிவேலே அன்று கழற்றிக் காட்டியிருப்பார். ஊரில் எந்தத் துப்பாக்கியைப் பார்த்தாலும் முதலில் இவர் கழற்றிக் காட்டச் சொல்லும் இடமே அதுதான். ஏன் அன்று சொல்லவில்லை? நான் கேட்கவில்லை. அவரே ராமுத்தாயைப் பார்த்துச் சொன்னார்.

"லயத்துல ஏது லண்டன் தோக்குன்னு நெனச்சுட்டேன், தங்கச்சி. நான் தோக்கப் பாக்கல. வீட்டப் பாத்துட்டு வெல சொல்லிட்டேன்."

சொன்னவர் ஏலப்பாறை லயத்தில் பிறந்து, கல்யாணமாகும் வரை அதே பத்துக்குப் பத்து அறையில் வளர்ந்தவர். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சறுக்கட்டும் என்று ஆசைப்பட்டவன் நான்தானே.

ஈஸ்வரமூர்த்தி அவ்வளவு சுலபமாக விடுகிறவர் இல்லை. மரியாதை குறையாமல்தான் கேட்டார்.

"போட்ட வெலை போட்டதுதான்னு ஊரே சொல்லுதுங்களே. இன்னைக்கு மாத்துனீங்கன்னா, நாளைக்கு உங்க வாக்கை யாருங்க நம்புவாங்க?"

கேள்வி நியாயமானது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மனிதர்கள் மூன்று மாவட்டத்திலிருந்து அவரைத் தேடி வருகிறார்கள். ஜிதின் கடையில் சொன்னால் சாயங்காலத்துக்குள் மலை முழுக்கத் தெரிந்துவிடும். என்னைப்போல் நாலாயிரத்து ஐநூறு வாங்கியவர்கள் எல்லாம் மறுநாள் காலையில் துப்பாக்கியும் கையுமாக ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்பார்கள். அமிர்தநாதனுக்கும் அது தெரியும்.

"நம்ப வேண்டாம்" என்றார். "இரும்புக்கு ரெண்டு இருபது. கட்ட பொளந்திருக்கு, அதனால மரத்துக்கு இருபதுக்கு மேல கெடையாது. காயிதம் எம்பத்து நாலுல இருந்து ஒண்ணு விடாம இருக்கு, அதுக்கு நாப்பது. மொத்தம் ரெண்டு எம்பது."

பக்திக்கு ஐயாயிரம் கழிக்கவில்லையே என்று ஜிதின் நினைவுபடுத்தினார். அந்தப் பக்திதான் இவ்வளவு நாள் இரும்பைக் காப்பாற்றியிருக்கிறது, கழிப்பதற்கு ஒன்றுமில்லை என்றார் அமிர்தநாதன்.

ஈஸ்வரமூர்த்தி வெளியே போய் யாருக்கோ போன் பேசினார். திரும்பி வந்து இரண்டு ஐம்பது என்றார். ஜிதின் ரிஜிஸ்டரை மூடினார். இன்னொரு டீ குடித்தார். வாத்துகளை ஒருமுறை பார்த்தார். பிறகு, சரி, கொடுத்துவிடுகிறேன் என்றார். ஆசைப்பட்ட பொருள், விட்டுவிட்டுப் போய் அவருக்குத் தூக்கம் வராது. ஜிதின் ரிஜிஸ்டரில் எழுதத் தொடங்கினார். எவ்வளவு என்பது ராமுத்தாய்க்குப் புரிய நேரமானது. இரண்டு எண்பதாயிரமா என்று என்னிடம் கேட்டார். இரண்டு லட்சத்து எண்பதாயிரம் என்றேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னேன். அந்த வீட்டில் தண்ணீர்க்குழாய் உள்ளேயே இருக்கிறது என்று சம்பந்தமில்லாமல் ஒன்று சொன்னார்.

நான் இதுதான் சமயம் என்று அமிர்தநாதன் பக்கம் சாய்ந்து, அப்படியானால் எங்கள் பெரியப்பா துப்பாக்கியிலும் ஏதாவது விட்டுப்போயிருக்கலாமே என்றேன்.

"அது சரியான வெலதான், சார்" என்றார்.

வழக்கப்படி அடுத்தது இரண்டாவது கழுவல். நான் பின்பக்கம் போய்க் குவளையில் தண்ணீரோடும் சோப்போடும் காத்திருந்தேன். ஆள் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். சட்டைப்பையிலிருந்து பங்குக்கோயில் அறிவிப்புத் தாளை எடுத்து மேசைமேல் விரித்திருந்தார். கண்ணாடியில் சிதறிக் கிடந்த சந்தனச் சில்லுகளையும் குங்குமத் தூளையும் ஒரு துளி விடாமல் விரல் நுனியால் ஒற்றி ஒற்றி அதில் சேர்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் இருந்ததைக்கூட ஈர்க்குச்சியால் எடுத்துப் போட்டார். தாளை நான்காக மடித்துப் பொட்டலமாக்கினார். பிறகு எழுந்து நின்று, கழுவாத இரண்டு கைகளாலும் அதை ராமுத்தாயிடம் நீட்டினார்.